முதல் படத்தை முதலில் போடுங்கள்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதமும் பென் டிரைவும் கிடைத்துப் பத்து நாளாகிறது. பதினோரு படங்களையும் பார்த்து முடிக்க இரண்டு ராத்திரி போதுமாக இருந்தது. மிச்ச நாளெல்லாம் நீ கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்த கேள்வியிலேயே போய்விட்டன.

நான்கு பேராகத் தொடங்கி, பகலில் ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டு, மதுரையில் ஒரு மொட்டைமாடி அறையில் பத்து வருஷம் அனிமேஷன் செய்திருக்கிறீர்கள். யாரும் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கம்ப்யூட்டர் சூடேறி நின்றுவிடும், அதனால் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் ரெண்டர் போடுவோம் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இப்போது பள்ளிக்கூட ஹால் ஒன்றை எடுத்துப் பத்தாம் ஆண்டு விழா நடத்தப் போகிறீர்கள், பழைய படங்களைத் திரையிடப் போகிறீர்கள். அவசியம் செய்ய வேண்டிய காரியம்.

உன் கேள்வி இதுதான். முதல் படம் பார்க்கச் சகிக்கவில்லை. நடக்கும்போது கால் வழுக்குகிறது, வாயசைவு வசனத்தோடு சேரவில்லை, கோடு நடுங்குகிறது. அதை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கலாமா, இல்லை விழாவுக்குள் புதிதாக வரைந்து அந்த இடத்தில் வைத்துவிடலாமா?

போடுங்கள். இருக்கிறபடியே போடுங்கள். அதையே முதலில் போடுங்கள்.

ஒசாகா பையன்களின் கதையை நீ கேள்விப்பட்டிருப்பாய். ஆனாலும் சொல்கிறேன், உன் கேள்விக்கு அதில் நேரான பதில் இருக்கிறது. 1981 ஆகஸ்டில் ஒசாகாவில் ஜப்பானிய அறிவியல் புனைகதை ரசிகர்களின் 20ஆவது மாநாடு கூடியது. அந்த ஊரில் மூன்றாவது முறையாக நடந்ததால் அதற்கு டைகான் 3 என்று பெயர். தொடக்க நிகழ்ச்சியில் போடுவதற்கு ஒரு சின்ன அனிமேஷன் வேண்டும் என்று அமைப்பாளர்களுக்கு ஆசை. செய்ய வந்தவர்கள் ஒசாகா கலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர்: ஹிடேயாகி அன்னோ, ஹிரோயுகி யமாகா, தகாமி அகாய். முழு அனிமேஷன் படம் ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் இல்லை.

செல் தாள் வாங்கக் கையில் காசு இல்லை. வினைல் ஷீட்டை மொத்தமாக வாங்கி வெட்டிக்கொண்டார்கள். பெயிண்ட் பூசி அடுக்கினால் ஒரு ஷீட் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டது. காயவிட்டால் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தது. தாளில் ஓட்டை போடும் கருவியைக்கூடத் தாங்களே செய்துகொண்டார்கள். எடுத்தது 8 மி.மீ. ஃபிலிமில். படம் இவ்வளவுதான்: ஸ்கூல் பை மாட்டிய ஒரு சிறுமி கையில் ஒரு தம்ளர் தண்ணீரோடு கிளம்புகிறாள். ரோபோவும் அரக்கனும் விண்கலமும் வழிமறிக்கின்றன. எல்லாவற்றையும் சமாளித்து அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய், வாடிக் கிடக்கும் ஒரு முள்ளங்கிக்கு ஊற்றுகிறாள். ஜப்பானிய மொழியில் முள்ளங்கிக்கு டைகோன் என்று பேர். மாநாட்டின் பெயரிலேயே அந்த முள்ளங்கி இருக்கிறது. தண்ணீர் குடித்த முள்ளங்கி விண்கலமாகிப் பறக்கிறது. ஏறக்குறைய ஐந்து நிமிஷம், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து, 1983இல், அதே குழு டைகான் 4 மாநாட்டுக்கு இன்னொரு படம் செய்தது. இந்த முறை 16 மி.மீ. கை தேறியிருந்தது. ஆட்களும் கூடியிருந்தார்கள். நீ கவனிக்க வேண்டிய இடம் இது: அந்த இரண்டாவது படம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? முதல் படத்தின் கதையைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லித் தொடங்குகிறது. அதே சிறுமி, அதே தம்ளர், அதே முள்ளங்கி, தேறிய கையால் புதிதாக வரைந்தது. அதன் பிறகுதான் அவள் வளர்ந்த பெண்ணாக வருகிறாள்.

ஆக, பழைய படத்தைத் திரும்ப வரையவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் வரைந்தார்கள். ஆனால் முதல் படத்தை ஒளித்துவிட்டு அந்த நாற்காலியில் புதியதை உட்காரவைக்கவில்லை. இன்றும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். எந்தக் கோடு எந்தக் கோடாக மாறியது என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டலாம். 1984இல் வந்த மியாசாகியின் நௌசிகா படத்தில் ராட்சத வீரன் வரும் காட்சியை அன்னோ வரைந்தார். 1984 டிசம்பரில் இந்தக் குழு கைனாக்ஸ் என்ற நிறுவனமானது. 1987இல் முதல் முழுநீளப் படம், 1995இல் இவாஞ்சலியன் தொடர். அந்த நிறுவனம் 2024இல் திவாலாகிவிட்டது. வினைல் ஷீட்டில் வரைந்த அந்தச் சிறுமியை உலகம் முழுக்க இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்களும் திரும்ப வரையுங்கள். அதற்குப் பன்னிரண்டாவது படம் என்று பெயர் வையுங்கள். முதல் படம் முதல் படமாகவே இருக்கட்டும்.

சரி, உங்கள் முதல் படத்துக்கு வருகிறேன். அதை நான் ஏழெட்டு முறை பார்த்தேன். கடைசி இரண்டு முறை ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பால்காரர் சைக்கிளில் தெருமுக்கில் திரும்பும் காட்சி இருக்கிறதே, அது யார் வரைந்தது என்று நீ எழுதவில்லை. சைக்கிள் சக்கரம் வட்டமாக இல்லை, அது உண்மை. பால்காரரின் முழங்கால் ஓரிடத்தில் பின்பக்கமாக மடங்குகிறது, அதுவும் உண்மை. ஆனால் ஹேண்டில்பார் இடப்பக்கம் திரும்பும்போது, பின்னால் தொங்கும் இரண்டு கேனும் உடனே திரும்பவில்லை. ஓர் ஓவியம் பிந்தித் திரும்புகின்றன. நொடிக்கு 12 ஓவியமாக வரைந்திருக்கிறீர்கள், ஒவ்வொன்றும் இரண்டு ஃப்ரேம் நிற்கிறது. அந்த இரண்டு ஃப்ரேம் தாமதத்தில்தான் கேனுக்குள் பால் இருப்பது எனக்குத் தெரிந்தது. சைக்கிள் நேரான பிறகும் கேன் ஒரு தடவை அப்பால் போய்த் திரும்பி வருகிறது. திரும்பி வரும்போது கொஞ்சம் குறைவாக வருகிறது.

இதற்குப் பாடப்புத்தகத்தில் பெயர் உண்டு. அன்றைக்கு அந்தப் பெயர் உங்கள் நால்வரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. யாரோ ஒருவர் விடியற்காலையில் தெருவில் நின்று பால்காரரைப் பார்த்துவிட்டு வந்து வரைந்திருக்கிறார்.

இப்போது ஒன்பதாவது படத்தை எடு. கோடு சுத்தம், வண்ணம் அழகு. ஆறாவது படத்திலிருந்து நீங்கள் ரிக்குக்கு, அதாவது கம்ப்யூட்டரில் மூட்டு வைத்து அசைக்கும் பொம்மைக்கு, மாறிவிட்டீர்கள், வேலை சுருங்கியிருக்கிறது. நான் ரிக்குக்கு எதிரி அல்லன். மூன்று பேர் ராத்திரியில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு அது பெரிய உதவி. ஆனால் தண்ணீர்க் குடம் சுமந்து வரும் அந்த அம்மாளைப் பார். அவர் திரும்பும்போது தலை, தோள், இடுப்பு, குடம் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் நிற்கின்றன. குடம் காலியாக இருக்கிறது தம்பி. மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கவைக்க சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த ஈஸ் இன், ஈஸ் அவுட்டை அப்படியே விட்டிருக்கிறீர்கள். பத்து வருஷத்துக்கு முன் உங்களுக்குத் தெரிந்த ஒன்று நடுவில் எங்கோ நழுவிவிட்டது. முதல் படத்தைப் பார்க்கக் கூசி மூடி வைத்திருந்ததால் நழுவியதுகூடத் தெரியவில்லை. இதை உன் மனம் நோகச் சொல்லவில்லை. எனக்கும் இதே நடந்தது, என்னிடம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

கை பட்ட தடத்தை மறைக்க வேண்டியதில்லை என்பதற்கு இன்னோர் உதாரணம்: களிமண் பொம்மைகளை வைத்து நிக் பார்க் செய்த ‘எ கிராண்ட் டே அவுட்’ படத்தை மறுபடி ஒருமுறை பார். 1982இல் மாணவராக இருந்தபோது தொடங்கி 1989இல் முடித்தார், 23 நிமிஷப் படம். அதில் வரும் வாலஸின் முகத்தில், அவனுடைய நாய் க்ரோமிட்டின் நெற்றியில், களிமண்மேல் நிக் பார்க்கின் கைரேகை தெரியும். விளக்கு வெளிச்சத்தில் ரேகை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நெளியும். பிறகு அவர் ஆஸ்கர் வாங்கினார், பெரிய பெரிய படங்கள் செய்தார். அந்த ரேகையைத் துடைக்க யாரும் கிளம்பவில்லை. நான் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது அந்த நெற்றியை நிறுத்திக் காட்டுவேன். ஒரு மனிதர் இந்தப் பொம்மையைத் தொட்டார், அடுத்த ஃப்ரேமுக்கு மறுபடி தொட்டார் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

அவர் 1985இல் சேர்ந்த ஆர்ட்மேன் ஸ்டுடியோவும் உங்களைப் போலத் தொடங்கியதுதான். பீட்டர் லார்ட், டேவிட் ஸ்ப்ராக்ஸ்டன் என்று இரண்டு பள்ளித் தோழர்கள், சமையலறை மேசை, ஒரு 16 மி.மீ. கேமரா. பி.பி.சி.க்கு அவர்கள் விற்ற ஒரு துண்டுப் படத்தில் வந்த கோமாளி சூப்பர்மேனின் பெயர்தான் ஆர்ட்மேன். 1972இல் ஸ்டுடியோவுக்கும் அதே பெயரை வைத்தார்கள். 2005 அக்டோபர் 10ஆம் தேதி பிரிஸ்டல் நகரில் அவர்களுடைய கிடங்கு ஒன்று எரிந்துபோயிற்று. முந்தைய படங்களின் செட்டுகள், பொம்மைகள், சாமான்கள் என முப்பது வருஷச் சேகரிப்பில் பெரும்பகுதி அதில் போய்விட்டது. அந்த வாரம்தான் அவர்களுடைய புதுப் படம் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்திருந்தது. இரண்டு நாள் முன்னால் காஷ்மீரில் நிலநடுக்கம் வந்து ஆயிரமாயிரம் பேர் மாண்டிருந்தார்கள். அந்தத் துயரத்தின் முன்னால் எங்கள் இழப்பு பெரிதல்ல என்று நிக் பார்க் சொன்னார். அந்தப் பதிலுக்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

என் இழப்புக்குத் தீ தேவைப்படவில்லை. இருபது வருஷத்துக்கு முன் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் இன்பிட்வீன் ஆர்டிஸ்டாக இருந்தேன். வெளிநாட்டு டிவி தொடருக்கான வேலை. கீ ஓவியம் கடல் தாண்டி வரும், நடுவில் வரும் ஓவியங்களை நாங்கள் போடுவோம். ஒரு நாளைக்கு முப்பது தாள் கணக்கு. வேலை முடிந்த பிறகு நாங்கள் ஆறு பேர் அதே லைட் டேபிளில் சொந்தமாக ஒரு படம் வரைந்தோம். கோலம் போடும் ஒரு கிழவி, நான்கு நிமிஷம். ஒன்றரை வருஷம் வரைந்தோம். ஆர்டர் நின்று ஸ்டுடியோ மூடியபோது, மேலே இருந்தவர்கள் அறையைக் காலி செய்வதற்காகத் தாள் கட்டுகளையெல்லாம் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். அவர்களுடைய தாள் எது, எங்களுடையது எது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் விஷயம் தெரிந்து அந்தக் கடைக்கு ஓடினேன். லாரி போய்விட்டது. தராசுக்குப் பின்னால் ஒரு கட்டு விழுந்து கிடந்தது. 43 தாள். கிழவி குனிந்து முதல் புள்ளி வைக்கும் காட்சி. ஸ்கேன் எதுவும் எடுத்து வைக்கவில்லை. பென்சில் டெஸ்ட் எடுத்த கம்ப்யூட்டரையும் விற்றுவிட்டார்கள்.

அதனால்தான் விழாவுக்கு முன் முடிக்க வேண்டிய வேலை என்று சிலவற்றைச் சொல்கிறேன். பந்தல், பேனரெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உன் முதல் நான்கு படங்கள் ஃப்ளாஷில் செய்தவை என்று எழுதியிருக்கிறாய். ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31ஓடு நிறுத்திவிட்டது. எஸ்.டபிள்யூ.எஃப். ஆக மட்டும் வைத்திருந்த எத்தனையோ பேருடைய படங்கள் இன்று உலாவியில் திறக்கவே மாட்டேன் என்கின்றன. மூலக் கோப்பைத் திறக்கக்கூடிய மென்பொருள் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும்போதே திறந்து, ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனிப் படமாக வெளியே எடுத்து வையுங்கள். எந்த நிறுவனம் எந்த மென்பொருளைக் கைவிட்டாலும் வரிசையாக எண் போட்ட படங்களை யாரும் எப்போதும் சேர்த்துக்கொள்ளலாம். ஒலியைத் தனியாக வைக்க வேண்டும். எத்தனை ஃப்ரேம் வேகம் என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரே பீரோவில் வைக்காதீர்கள், ஒன்று வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளில் என்னென்ன போயிற்று என்று கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

காகிதத்தில் வரைந்ததை அட்டைப்பெட்டியில் போட்டுத் தரையில் வைக்காதே, கரையான் காத்துக்கொண்டிருக்கிறது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதே. அது உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். காட்சி எண்ணைப் பென்சிலால் மூலையில் எழுதித் தட்டையாக அடுக்கி வை. எக்ஸ்போஷர் ஷீட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் தூக்கிப்போடாதே. எந்த ஓவியம் எத்தனை ஃப்ரேம் நின்றது என்பது அதில்தான் இருக்கிறது.

அடுத்தது பெயர்கள். உங்கள் முதல் இரண்டு படங்களில் கடைசியில் நால்வர் பெயர் வருகிறது. மூன்றாவதிலிருந்து மூன்றாகிறது. கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்ட தோழியைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தாய். முதல் படத்தில் பாட்டிக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான் என்பதை அந்த வரியிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். படத்தில் அந்தக் குறிப்பு இல்லை. வாடகை வாங்காமல் மாடியறையைத் தந்த வீட்டுக்காரர் பெயர் ஒரு படத்திலும் இல்லை. விழாவுக்கு ஒரு தாள் அச்சடிப்பீர்கள் அல்லவா, அதில் படத்துக்குப் படம் யார் என்ன செய்தார்கள் என்று போடுங்கள். வண்ணம் நிரப்ப இரண்டு வாரம் வந்துபோன கல்லூரிப் பையன் பெயர் வரை வரட்டும். அவர்களையெல்லாம் நேரில் போய்க் கூப்பிடுங்கள், வாட்ஸப்பில் அழைப்பிதழ் தட்டிவிட்டால் போதாது. சின்னக் குழுக்கள் உடைவது பெரும்பாலும் பணத்தால் அல்ல, பெயர் விட்டுப்போவதால்தான். என் அனுபவத்தில் இரண்டு குழு அப்படி உடைந்ததைப் பார்த்துவிட்டேன்.

பாட்டு விஷயமும் சொல்லியாக வேண்டும். ஐந்தாவது படத்தில் பழைய சினிமாப் பாட்டு ஒன்றை முழுசாக ஓட்டியிருக்கிறீர்கள். ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் டைகான் 4க்கு நேர்ந்தது இதுவேதான். எலக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா குழுவின் பாட்டை அனுமதி இல்லாமல் போட்டார்கள். அத்தனை உழைப்பில் செய்த படத்தை அதன் பிறகு முறையாகச் சந்தைக்குக் கொண்டுவர வழியில்லாமல் போயிற்று. உங்கள் தெருவிலேயே தவில் வாசிக்கிறவர் இருக்கிறார், எட்டாவது படத்தில் அவர் வாசித்த அரை நிமிஷம் மொத்தப் படத்தையும் தூக்கி நிறுத்துகிறது. பன்னிரண்டாவது படத்துக்கு அவரையே கேளுங்கள். சன்மானம் கொடுத்து, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முதல் படத்தை ஏதோ ஒரு செயலியில் போட்டு 4கே ஆக்கி, நடுங்கும் கோட்டை நேராக்கித் தருவதாக ஒரு நண்பர் சொன்னார் என்று எழுதியிருந்தாய். அவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். வேண்டாம் என்று சொல்லிவிடு. நடுங்கும் கோட்டை நேராக்குகிற யந்திரத்துக்குக் கேன் பிந்தி ஆடுவதும் கோளாறாகத்தான் தெரியும். அதையும் சேர்த்துச் சரிசெய்துவிடும்.

திரையிடும்போது நடுவில் பேச வேண்டாம். “இது நாங்கள் விவரம் தெரியாத காலத்தில் செய்தது, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று முன்னால் மைக் பிடித்துச் சொல்லவும் வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு முதல் படத்தை ஓட்டுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அவர்களில் ஒருத்தி நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு குச்சி மனிதனை வரைந்து புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு உங்கள் பதினோராவது படம் எட்டாத உயரத்தில் தெரியும். முதல் படத்தைப் பார்த்தால், இப்படி நாமும் செய்யலாமே என்று நினைப்பாள். அவளை நினைத்தாவது போடுங்கள்.

விழாவுக்கு நான் வருகிறேன். முந்தின நாள் காலையிலேயே பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிவிடுவேன். பால்காரர் காட்சியை வரைந்தது யார் என்று விசாரித்து வை, அவரோடு ஒரு மணி நேரம் பேச வேண்டும். அந்த 43 தாளையும் கொண்டுவருகிறேன். உங்கள் மாடியறை லைட் டேபிள் இன்னும் வேலை செய்கிறதென்றால் அதை இறக்கித் துடைத்து வை.

அன்புடன்,
உன் அண்ணன்